லங்காஸ்டர் ஆமிஷ் மக்கள்: மின்சாரம் தெரியாதவர்களா, வேண்டாம் என்றவர்களா?

கொன்றைப்பூ | சனி, இரவு 9:10

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் மாவட்டத்துக்கு நான் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது, குதிரை வண்டியில் போகிற ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களைப் பற்றித்தான். "கரண்டே தெரியாதாமே, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியே இருக்கிறார்களாமே" என்பார்கள். போன மாதம் வந்த மைத்துனரும் அதையே சொன்னார். சாப்பாட்டு மேசை ஒன்று செய்யக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு ஓர் ஆமிஷ் தச்சுப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறையில் மின்விளக்கு கிடையாது. கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெளிச்சம் வருகிறது. ஆனால் அறுக்கிற இயந்திரம், இழைக்கிற இயந்திரம், துளை போடுகிற இயந்திரம் எல்லாமே ஓடுகின்றன. பின்னால் தனிக் கொட்டகையில் ஒரு டீசல் எஞ்சின், அது ஓட்டுகிற ஒரு கம்ப்ரசர். குழாய் வழியாக வரும் காற்றுதான் ஒவ்வொன்றையும் சுழற்றுகிறது. கடையில் வாங்கிய இயந்திரத்திலிருந்து மின் மோட்டாரைக் கழற்றிவிட்டு, காற்றில் ஓடுகிற மோட்டாரைப் பொருத்தியிருக்கிறார்கள். மைத்துனர் அந்தக் குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"மேசை தயாரானதும் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டதற்கு, வயலோரத்தைக் கைகாட்டினார் தச்சர். அங்கே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மரக்கூண்டு. உள்ளே டெலிபோன், செய்தி பதிகிற கருவி, ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்ட பென்சில், ஒரு கோடு போட்ட நோட்டு. யார் எந்த எண்ணுக்கு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். மூன்று வீட்டுக்கும் சேர்த்து அந்த ஒரு போன்தான். "செய்தி விடுங்கள், சாயங்காலம் வந்து பார்ப்பேன்" என்றார்.

லங்காஸ்டரில் வீட்டுக்குள் டெலிபோன் கூடாது என்ற முடிவு 1910 வாக்கில் வந்தது. தெருவில் போகும் மின்கம்பியை வீட்டுக்குள் இழுப்பதில்லை என்பது அதற்குப் பத்து வருடம் கழித்து. போன் வந்தால் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது குறையும், புறணி கூடும் என்று பேசியிருக்கிறார்கள். கம்பி வந்தால் வெளியுலகமும் அதன் பின்னாலேயே வரும் என்று நினைத்திருக்கிறார்கள். மின்சாரம் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. டார்ச் லைட் வைத்திருப்பார்கள், பேட்டரி உண்டு, இப்போது பல கொட்டகைகளின் மேல் சோலார் தகடும் இருக்கிறது.

என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இதுதான். ஒரு பொருள் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால், அது நம்மை என்ன செய்யும் என்று ஒரு ஊரே கூடிக் கேட்கிறது. என் வீட்டுக்குள் வந்த எதையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

தெற்குச்சீமை | சனி, இரவு 10:32

நல்ல பதிவு அண்ணா. ஆனால் ஒரு சந்தேகம். வீட்டில் போன் கூடாது, வயலில் இருக்கலாம். கார் வாங்கக் கூடாது, அடுத்தவர் காரில் ஏறலாம். கம்பி மின்சாரம் கூடாது, டீசல் போட்டு ஓட்டலாம். இது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது இல்லையா? ஒன்று முழுதாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இல்லை என்றால் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொன்றைப்பூ | ஞாயிறு, காலை 7:45

முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். காரை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை வண்டியில் ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம் கொஞ்சம்தான். அந்த வட்டத்துக்குள்தான் சொந்தம், சபை, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தாக வேண்டும். கார் கையில் இருந்தால் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போவோம், வட்டம் உடைந்துவிடும். ஆஸ்பத்திரிக்கோ தூரத்துக் கல்யாணத்துக்கோ போக வேண்டுமென்றால் காசு கொடுத்து டிரைவர் வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பத்து முறை யோசிப்பார்கள். காரை மறுக்கவில்லை, அதன் சுலபத்தை மறுக்கிறார்கள். எங்கள் வீட்டில் பட்சணத்தை மேல் பரணில் வைப்பார்கள், ஏணி போட்டு ஏறித்தான் எடுக்க வேண்டும். அது மாதிரி.

இன்னொன்று. விதி என்பது மேலேயிருந்து வருவதில்லை. ஆமிஷ் மக்களுக்குத் தலைமை அலுவலகம் என்று எதுவும் கிடையாது. இருபது முதல் நாற்பது குடும்பம் சேர்ந்தால் ஒரு சபை. அந்தச் சபையின் நடைமுறை ஒழுங்குக்கு 'ஓர்ட்னுங்' என்று பெயர். பெரும்பாலும் எழுத்தில் இருக்காது. வருடத்துக்கு இரண்டு முறை, திருவிருந்துக்கு (சபையார் கூடி அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற வழிபாடு) முன்னால் அதைப் பேசி எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் திருவிருந்தே நடக்கும். அதனால்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. லங்காஸ்டரில் வண்டிக்கூண்டு சாம்பல் நிறம், ஒஹாயோவில் கறுப்பு. இதே மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில் வெள்ளை, மஞ்சள் இரண்டுமே உண்டு. ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் என்ற பிரிவினர் மெதுவாகப் போகிற வண்டி என்று காட்டப் பின்னால் ஒட்டுகிற ஆரஞ்சு முக்கோணத்தைக்கூட ஆடம்பரம் என்று மறுத்து, கென்டக்கியில் அபராதம் கட்டாமல் ஜெயிலுக்கே போனார்கள்.

1960களின் கடைசியில் நடந்த பால் விவகாரத்தையும் சொல்ல வேண்டும். பாலைக் கேனில் வாங்க மாட்டோம், குளிரூட்டிய பெரிய தொட்டி வைத்தால்தான் வாங்குவோம் என்றன பால் கம்பெனிகள். தொட்டி இல்லையென்றால் பிழைப்பே போய்விடும். சபைகளின் மூத்த போதகர்களான பிஷப்புகள் கூடிப் பேசி, தொட்டியை டீசலில் குளிர்விக்கலாம், பாலைக் கலக்குகிற துடுப்பைப் பேட்டரியில் சுற்றலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க லாரி வரக் கூடாது என்றார்கள். கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. ஏமாற்று வேலையாக எனக்குத் தெரியவில்லை. பேரம் பேசத் தெரிந்தவர்கள்.

ஈரக்காற்று | ஞாயிறு, காலை 11:20

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. ரசாயனம் இல்லாத விவசாயம், கூட்டுக் குடும்பம், மண்ணோடு வாழ்க்கை. நாம் தொலைத்தது எல்லாம் அங்கே இருக்கிறது.

கொன்றைப்பூ | ஞாயிறு, பகல் 12:05

கொஞ்சம் நிதானம் நண்பரே. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடுகிற ஆமிஷ் விவசாயிகள் ஏராளம். குதிரை பூட்டி உழுவதும் இயற்கை விவசாயமும் ஒன்றல்ல. தவிர, லங்காஸ்டரில் விவசாயம் பார்க்கிற குடும்பங்கள் இப்போது பாதிக்கும் குறைவு. ஒரு வீட்டுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள். நில விலையோ கைக்கு எட்டாது. தச்சுப் பட்டறை, கட்டட வேலை, சந்தைக் கடை என்று போய்விட்டார்கள். 1900ல் அமெரிக்கா முழுக்க ஐயாயிரம் பேர்தான் இருந்தார்கள். இன்றைக்கு 4 லட்சம். கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள்.

பழைய ஏடு | ஞாயிறு, மாலை 5:50

வரலாற்றையும் கொஞ்சம் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று புரியாது.

1525ல் ஸூரிக் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்தவன் தானாகக் கேட்டு வாங்குவதுதான் செல்லும் என்று மறுபடி ஞானஸ்நானம் எடுத்தார்கள். அன்றைக்கு அது அரசுக்கு எதிரான குற்றம். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். மறுஞானஸ்நானக்காரனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை. 1569ல் நெதர்லாந்தில் டிர்க் வில்லம்ஸ் சிறையிலிருந்து தப்பி, உறைந்த குளத்தின் மேல் ஓடுகிறார். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து தண்ணீரில் விழுகிறான். வில்லம்ஸ் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்குகிறார். பிடிபட்டு, எரிக்கப்பட்டார். ஆமிஷ் பிள்ளைகள் கேட்டு வளர்கிற கதை இது.

'ஆமிஷ்' என்ற பெயர் யாக்கோப் அம்மான் என்பவரிடமிருந்து வந்தது. 1693ல் இவர் மற்ற மறுஞானஸ்நானக்காரர்களிடமிருந்து பிரிந்தார். பிரிவுக்கு முக்கியக் காரணமே, சபையை மீறியவரை எவ்வளவு கடுமையாகத் தள்ளிவைப்பது என்ற சண்டைதான். கூட உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்பது அம்மான் கட்சி. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள், 19ஆம் நூற்றாண்டிலும் இன்னும் பலர் அமெரிக்கா வந்தார்கள். ஐரோப்பாவில் தங்கியவர்கள் மெல்ல மெல்ல, அதே மறுஞானஸ்நான வழியில் வந்த மென்னோனைட் சபைகளில் கரைந்து, கடைசி ஆமிஷ் சபையும் 1937ல் முடிந்துபோனது. ஆக, இன்று உலகத்தில் இருப்பது பெரும்பாலும் அப்படிக் கப்பலேறியவர்களின் வம்சம்தான்.

போதகரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் கேட்க வேண்டியது. படிப்பு, பட்டம் எதுவும் தேவையில்லை. சபையார் முன்மொழிந்த ஆண்கள் வரிசையாக உட்காருவார்கள், முன்னால் பாட்டுப் புத்தகங்கள். ஒன்றில் மட்டும் வசனம் எழுதிய சீட்டு. அது யார் கைக்கு வருகிறதோ அவர் ஆயுள் முழுக்கச் சம்பளம் இல்லாத போதகர். நம் பேச்சில் சொன்னால் திருவுளச்சீட்டு. சீட்டு விழுந்தவர் அழுவார், வீட்டாரும் அழுவார்கள். அது அவ்வளவு பெரிய பாரம்.

மணிமுத்தாறு | ஞாயிறு, இரவு 9:15

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். நான் இருபத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவள். என்னால் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியவில்லை: எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவது.

விஸ்கான்சினில் மூன்று தகப்பன்மார் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1972ல் ஆமிஷ் பக்கம் தீர்ப்பானது. விஸ்கான்சின் எதிர் யோடர் என்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு. அதில் நீதிபதி டக்ளஸ் ஓரளவு மாறுபட்டு எழுதியதைத்தான் இங்கே யாரும் சொல்லவில்லை. பெற்றோரைக் கேட்டீர்கள், அரசைக் கேட்டீர்கள், அந்தப் பிள்ளைகளைக் கேட்டீர்களா என்கிறார். மூன்று பிள்ளைகளில் ஒரு சிறுமி மட்டும்தான் சாட்சி சொல்லியிருந்தாள். ஒரு பிள்ளைக்குப் பியானோ வாசிக்க ஆசை இருக்கலாம், விண்வெளிக்குப் போக ஆசை இருக்கலாம், கடலை ஆராய ஆசை இருக்கலாம் என்று எழுதினார்.

ஓரறைப் பள்ளிக்கூடம். எட்டு வகுப்புக்கும் ஒரே டீச்சர். பெரும்பாலும் கல்யாணமாகாத இளம்பெண், அவளும் எட்டாவதுதான் படித்திருப்பாள். எழுதப் படிக்க, கணக்குப் போட நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதில் ஒரு பசி வரும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பத்தாவது வரை வாயே திறக்காத ஒரு பெண் திடீரென்று ஒருநாள் மத்தியானம் பிரிசத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வகுப்பை விட்டுப் போகாமல் நின்றாள். அந்த வயதில் கதவைச் சாத்துகிறார்கள்.

கொன்றைப்பூ சார், அந்தத் தச்சருக்குப் பெண்பிள்ளை இருக்கிறதா? என்ன செய்கிறாள் என்று கேட்டீர்களா?

கொன்றைப்பூ | ஞாயிறு, இரவு 9:58

இருக்கிறாள். பட்டறை முன்னறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பதினான்கு, பதினைந்து இருக்கும். கேட்கவில்லை அக்கா. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. கம்ப்ரசரைப் பற்றி அரைமணி நேரம் கேட்டேன்.

தெற்குச்சீமை | திங்கள், காலை 8:02

ஆனால் பிடிக்காதவர்கள் போகலாமே? ரம்ஸ்ப்ரிங்கா என்று பதினாறு வயதுக்கு மேல் சுற்றித் திரிய விடுகிறார்களாம். அதற்குப் பிறகும் 85 சதவீதத்துக்கு மேல் தானாகவே சபையில் சேர்கிறார்கள் என்றால் அது அவர்கள் விருப்பம்தானே.

மணிமுத்தாறு | திங்கள், காலை 8:40

ரம்ஸ்ப்ரிங்கா என்பது டிவியில் காட்டுகிற மாதிரி எல்லோரும் நகரத்துக்கு ஓடிப்போய்க் கும்மாளம் போடுவது அல்ல. பெரும்பாலோருக்கு வார இறுதியில் வயசுப் பிள்ளைகளோடு கூடிப் பாடுவதும், ஜோடி தேடுவதும்தான். வீட்டில் இருந்துகொண்டே.

'போகலாமே' என்பது சொல்லச் சுலபம். ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்னால் போனால் தள்ளிவைப்பதில்லை, அதுவரைக்கும் நியாயம்தான். வாங்கிய பிறகு போனால் ஊர்விலக்கு. அம்மா சமைத்து வைப்பாள், ஆனால் உனக்குத் தனி மேசை. இடத்துக்கு இடம் கடுமை மாறும். முன்னாடியோ பின்னாடியோ, கையில் எட்டாவது படிப்பு, வெளியே தெரிந்தவர் யாரும் இல்லை, சிலருக்கு, வேலைக்குக் கேட்கிற அரசு எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்கூட இல்லை. வெளியேறியவர்கள் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். திறந்த கதவுக்கு வெளியே படிக்கட்டு இல்லையென்றால் யார் இறங்குவார்கள்?

வெண்சங்கு | திங்கள், இரவு 11:30

நான் ஒஹாயோவில் நர்ஸ். ஹோம்ஸ் மாவட்டத்துப் பக்கம், நிறைய ஆமிஷ் குடும்பங்கள் வருவார்கள். டியூட்டி முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு பாட்டி கடைசி நாட்களில் இருந்தார். காத்திருப்பு அறையில் இருபது பேருக்குக் குறையாமல் எப்போதும் இருந்தார்கள். யாரும் போன் பார்க்கவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம் என்றார்கள். மகன் வீட்டை ஒட்டிச் சின்னதாக 'தாத்தா வீடு' ஒன்று கட்டியிருப்பார்கள், வயதானவர்களுக்கு அதுதான் இடம். முதியோர் இல்லம் என்ற பேச்சே கிடையாது. போகும்போது பாட்டியின் தலைத்தொப்பி நாடாவைப் பேத்தி இரண்டு முறை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள், ஒரு பக்கம் நீளமாக இருக்கிறது என்று. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பாட்டி அதற்குக் கழுத்தைத் தூக்கிக் கொடுத்தார்.

பில்லை சபையே சேர்ந்து கட்டும். இன்ஷூரன்ஸ் வாங்க மாட்டார்கள். அரசு ஓய்வூதியமும் வேண்டாம் என்றவர்கள். அந்த ஓய்வூதியத்துக்கான வரியைக் கட்ட மறுத்த ஒரு விவசாயியின் உழவுக் குதிரைகளை 1961ல் வரித்துறை பிடித்துக்கொண்டு போனது. நாடே கொதித்தது. 1965ல் விலக்கு கிடைத்தது.

இன்னொரு பக்கமும் பார்க்கிறேன். முதலில் வந்த சில நூறு பேரின் வம்சத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம், அதனால் அபூர்வமான பரம்பரை நோய்கள். லங்காஸ்டர் பக்கம் ஸ்ட்ராஸ்பர்க்கில் டாக்டர் ஹோம்ஸ் மார்ட்டன் 1989ல் இதற்கென்றே ஒரு கிளினிக் தொடங்கினார். குளூட்டாரிக் அசிடூரியா என்ற நோய் சாதாரணக் காய்ச்சலோடு வந்து ஒரே நாளில் குழந்தையை முடமாக்கிவிடும். பிறந்தவுடன் கண்டுபிடித்து உணவை மாற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அந்தக் கிளினிக் கட்டடத்தை ஆமிஷ், மென்னோனைட் ஆட்களே கூடி நின்று எழுப்பினார்கள், எட்டாவது படித்த கைகள். மரபணு ஆய்வுக் கருவியெல்லாம் உள்ளே வைத்தார்கள். பிள்ளையின் உடம்புக்கு நல்லது என்று தெரிந்தால் அவர்களில் பெரும்பாலோர் மருத்துவத்தைத் தள்ளுவதில்லை.

மணிமுத்தாறு அக்கா சொல்வதும் எனக்குப் புரிகிறது. கிளினிக்கில் இருக்கிற டாக்டர் ஆவதற்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவராலும் முடியாது.

கொன்றைப்பூ | செவ்வாய், இரவு 8:15

2006 அக்டோபர் 2 பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிப் பேச முடியாது. நான் வருவதற்கு முன்னால் நடந்தது. நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓரறைப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் நுழைந்தான். ஆமிஷ் ஆள் அல்ல, அந்தப் பக்கத்தில் பால் லாரி ஓட்டியவன். பையன்களை வெளியே அனுப்பிவிட்டுப் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள். தன்னையும் சுட்டுக்கொண்டான். அன்று இரவே ஆமிஷ் ஆட்கள் அவன் மனைவி வீட்டுக்கும் பெற்றோர் வீட்டுக்கும் போய், உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்றார்கள். அவனை அடக்கம் செய்த இடத்தில் நின்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆமிஷ். உலகமெங்குமிருந்து வந்த பணத்தில் அவன் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். பத்து நாளில் பள்ளிக் கட்டடத்தை இடித்துப் புல் விதைத்துவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்குகிறேன். பார்க்க எதுவும் இல்லை, புல்தான்.

மணிமுத்தாறு | செவ்வாய், இரவு 9:05

அதைப் படித்து நானும் அழுதிருக்கிறேன். வெறுப்பைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது பெரிய காரியம்.

ஆனால் அதே மன்னிப்பு வீட்டுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சொந்த வீட்டிலேயே சீரழிக்கப்பட்ட ஆமிஷ் பெண்கள் பலர் வெளியே வந்து பேசியிருக்கிறார்கள். குற்றம் செய்த அண்ணனோ அப்பாவோ சபை முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான். சில வாரம் விலக்கி வைப்பார்கள். பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது. அதற்கு மேல் அந்தப் பெண் வாய் திறந்தால், மன்னிக்காத பாவம் அவள் தலையில். போலீஸுக்குப் போனால் குற்றவாளியைவிட அவள்தான் ஊருக்கு ஆகாதவள். நிக்கல் மைன்ஸில் மன்னித்தவர்கள் தாங்களாக மன்னித்தார்கள். இந்தப் பெண்களை மன்னிக்க வைத்தார்கள்.

கொன்றைப்பூ | செவ்வாய், இரவு 9:50

நீங்கள் பிரித்துச் சொன்ன விதம் சரி. எனக்கு அப்படிப் பார்க்கத் தெரியவில்லை. 'ஊரே கூடிக் கேட்கிறது' என்று முதல் பதிவில் எழுதினேன். அந்த ஊரில் யார் பேச்சு எடுபடும் என்று எழுதவில்லை. பெண்களுக்கும் சபையில் ஓட்டு உண்டு, ஆனால் போதகராக முடியாது. வீட்டுக்குள் எது வரலாம் என்று கேட்கத் தெரிந்த ஊர், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்றும் கேட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த முதல் கேள்வியை நான் விட மாட்டேன். சனிக்கிழமை மேசை தயார் என்று செய்தி வந்திருக்கிறது. போய்விட்டு எழுதுகிறேன்.

கொன்றைப்பூ | சனி, மாலை 6:20

மேசை வந்துவிட்டது. வெள்ளை ஓக் மரம், இரண்டு பலகை சேரும் இடம் விரலுக்குத் தெரியவில்லை.

மணிமுத்தாறு அக்கா, அந்தப் பெண் முன்னறையில் இருந்தாள். பில்லைப் பென்சிலால் கூட்டி, ஆறு சதவீத விற்பனை வரியை மனக்கணக்கில் போட்டு, எனக்குச் சரிபார்க்கத் திருப்பிக் காட்டினாள். பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகிறதாம். மேலே படிக்க ஆசை உண்டா என்று கேட்க நினைத்துத்தான் போனேன். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், எனக்கு வாய் வரவில்லை. மேசைமேல் ஒரு பறவைப் புத்தகம் கிடந்தது, முதுகில் பொது நூலக ஸ்டிக்கர். நீ படிக்கிறாயா என்றேன். "மூன்றாவது தடவை எடுத்திருக்கிறேன்" என்றாள். ஓரங்களில் சின்னச் சின்னத் துண்டுக் காகிதம், ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும். தான் பார்த்த பறவைகளாம். நூற்றுப் பத்தொன்பது.

மணிமுத்தாறு | சனி, மாலை 6:41

அந்தப் புத்தகத்தின் பெயரையும் பதிப்பையும் பார்த்தீர்களா சார்? அடுத்த முறை போனால் பார்த்து எழுதுங்கள். அதற்கு அடுத்த நிலைப் புத்தகம் எது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன். அவள் அப்பாவிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.